குருமாவில் கசகசா, யூரினில் மார்ஃபின்!

கேள்வி: என் மகன் கப்பல் வேலைக்குப் போகிறான். மெடிக்கலில் யூரின் எடுத்து போதைப்பொருள் டெஸ்ட் செய்வார்களாம். முந்தின நாள் கசகசா அரைத்த குருமா சாப்பிட்டாலே மாட்டிக்கொள்வாய் என்று அவன் சிநேகிதன் பயமுறுத்துகிறான். மெஷின் அப்படியா தப்பாகச் சொல்லும்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மெஷின் தப்பாகச் சொல்லாதும்மா, சங்கடமே அதில்தான். கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் அபினியின் போதைச் சத்தான மார்ஃபின் கிட்டத்தட்ட கிடையாது, ஆனால் காயை உடைத்து விதையை எடுக்கும்போது காயின் பால் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது, அதைத் தின்றால் யூரினில் வருவது அசல் மார்ஃபினேதான்.

முதல் டெஸ்ட் யூரினில் நனைத்துப் பார்க்கும் வெறும் சோதனைப் பட்டை. அதற்கு மார்ஃபினும் ஒன்றுதான், சில இருமல் சிரப்பில் இருக்கும் கோடீனும் ஒன்றுதான். பட்டை பாசிட்டிவ் காட்டினால் லேபுக்குப் போக வேண்டும்.

லேபில் நடப்பது வேறு. கல்லீரல் மார்ஃபினோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்துத்தான் வெளியே அனுப்பும், அதனால் முதலில் நொதி போட்டு அந்த முடிச்சை அவிழ்க்கிறார்கள். மூன்று ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் வைத்த, கொஞ்சம் கனமான மார்ஃபினையும் அளந்து சேர்ப்பார்கள். கடையில் எடைக்கல் வைப்பது போல, அதோடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்ல முடியும். அப்புறம் பொடி அடைத்த சின்ன எஃகுக் குழாய் வழியாக விடுவார்கள், ஒவ்வொரு பொருளும் அதற்கென்று உள்ள நிமிடத்தில் வெளியே வரும். வந்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை போட்டு, உடைத்து, துண்டுகளையும் எடை போடும். மார்ஃபின் 286 என்ற எடை எண்ணில் நிற்கும், உடைந்தால் 201, 165. ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலிநிவாரணியும் அதே 286-தான், ஆனால் குழாயிலிருந்து வரும் நேரம் வேறு. இரண்டும் பொருந்தினால்தான் ரிப்போர்ட்டில் பெயர் ஏறும்.

சரி, மார்ஃபின் இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? அதற்குக் கூட வந்தவர்களைப் பார்க்க வேண்டும். ஹெராயின் உடம்பில் உடையும்போது வரும் 6-அசிட்டைல்மார்ஃபின் இருந்தால் ஹெராயின்தான், குருமாவைச் சொல்லித் தப்ப முடியாது. ஆனால் அது ஒரு நாளுக்குள் காணாமல் போய்விடும், இல்லை என்பதால் நிரபராதி என்றும் ஆகாது. அபினிச் செடியின் பாலில் இருக்கும் இன்னொரு பொருளான தீபெய்ன் இருந்தால் கசகசா பக்கம் சாட்சி.

கசகசா ரொட்டி தின்றவர்கள் சிக்கியதால்தான் அமெரிக்காவில் வேலைக்கான டெஸ்டில் வரம்பை 1998-ல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக்கினார்கள். அப்படியும் 2023-ல் அவர்கள் ராணுவம் வீரர்களைக் கசகசாவே வேண்டாம் என்றது. நாலு பேர் சாப்பிடும் குருமாவில் ஒரு ஸ்பூன் என்றால் நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன், கசகசா அல்வாவைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவது வேறு கதை. எதற்கும் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். குடிக்கிற மருந்துகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும், பட்டையை மட்டும் வைத்து முடிவு சொன்னால் லேப் டெஸ்ட் கேட்கட்டும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துப் போகவே கூடாது, யூரினில் வழக்கமாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு குறைந்தால் நீர்த்த சாம்பிள் என்று சந்தேகப்படுவார்கள்.

இன்னொன்று, வீட்டு ஞாபகத்துக்கு என்று மசாலாவோடு கசகசா பாக்கெட்டையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரிலும் எமிரேட்ஸிலும் அது தடைசெய்யப்பட்ட சரக்கு.