வக்கீல் தொழிலே செய்யாமல் தேர்வெழுதி வந்த நீதிபதியிடம் நம் வழக்கு போனால் கவலைப்பட வேண்டுமா? வக்கீல்கள் ஒரு நீதிபதியை எப்படி எடைபோடுகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை வைத்துப் பார்த்தால் முன்சீப் கோர்ட்டில் ஏதோ சொத்து வழக்கு நடக்கிறது, மே மாத டிரான்ஸ்ஃபரில் சின்ன வயது நீதிபதி ஒருவர் வந்திருக்கிறார், உங்கள் வக்கீலோ குமாஸ்தாவோ உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். சரிதானே? நான் தெற்கே ஒரு தாலுகா கோர்ட்டில் வக்கீல். அந்த உதட்டுப் பிதுக்கலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கோர்ட்டில் வக்கீல்கள் கூடி உட்காரும் பார் ரூமில் 'நல்ல ஜட்ஜ்' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கேட்ட வாய்தாவை முகம் சுளிக்காமல் கொடுப்பவர், கட்சிக்காரர் முன்னால் வக்கீலைத் திட்டாதவர், மனு போட்ட அன்றே இடைக்காலத் தடை கொடுப்பவர். ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது, அதை நினைவுபடுத்துகிற நீதிபதிக்கு எங்களிடம் மார்க் குறைவு. வக்கீலே வக்கீலைக் குறை சொல்லலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், நானும் வாய்தா கேட்கிறவன்தான்.

உயர் நீதிமன்றமும் மார்க் போடுகிறது. முடித்த வழக்குக்கு இத்தனை யூனிட் என்று கணக்கு. மாதக் கடைசியில் எங்கள் கோர்ட்டில் தெரியும் அவசரத்துக்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் அலாஸ்கா, கொலராடோ மாதிரி மாநிலங்களில் நீதிபதியைப் பற்றி வக்கீல்களிடமே சர்வே எடுத்து மக்களுக்கு வெளியிடுகிறார்கள். இங்கே அப்படி ஒன்று வந்தால் எங்கள் பாரில் யார் முதலிடம் வாங்குவார் என்று மேலே சொன்னதை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு வேறு. சாட்சி சொல்வதைக் கேட்டு நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்வதுதான் பதிவாகும். அதை அவர் எப்படிச் செய்கிறார், அவ்வளவுதான். ஓர் உயில் வழக்கு. உயிலைக் காட்டிச் சொத்து கேட்ட தரப்புக்கு நான் ஆஜர். சாட்சிக் கையெழுத்து போட்ட இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் கூண்டில். நீதிபதி கல்லூரி முடித்து நேராக வந்த பெண். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு சீனியர் கேட்கக் கேட்க சாட்சி சொன்னார்: "நான் போகும்போது பெரியவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்துச்சு. எனக்கு இடம் காட்டினாங்க, போட்டேன்." எனக்கு வியர்த்துவிட்டது. பழைய நீதிபதிகள் சிலராக இருந்தால் "உயிலில் நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன் என்றால் சரிதான்" என்று டைப்பிஸ்டுக்கு ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். இவர் சாட்சி சொன்னதைச் சொன்னபடியே டைப் அடிக்க வைத்தார். அதோடு விடவில்லை. "அது தன் கையெழுத்துதான்னு பெரியவர் உங்ககிட்ட சொன்னாரா?" என்று அவரே கேட்டார். எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி பார்க்கவில்லை என்றாலும், இது நான் போட்டது என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டிருந்தால் சட்டப்படி போதும், அதாவது எனக்குப் பிழைக்க இருந்த ஒரே வழி அந்தக் கேள்விதான். சாட்சி சொன்னார்: "அவரு பேசுற நிலையில இல்லைம்மா." அதுவும் பதிவானது. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்குத் தள்ளுபடி.

அன்று சாயங்காலம் பார் ரூமில், "அனுபவம் இல்லாத பொண்ணு, ஜட்ஜ் எதுக்குக் கேள்வி கேட்கணும்?" என்றார்கள். சாட்சியச் சட்டம் 165-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது, இப்போதைய புதுச் சட்டத்தில் அது 168. தோற்றது நான், அவர்களுக்கு ஏன் கோபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்காகத் தேர்வெழுதி நேராக வருபவர்கள் எல்லாருமே இப்படி என்று சொல்லவில்லை. இடைக்கால மனுவில் முடிவெடுக்கவே பயந்து தள்ளித் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. 2002-ல் தொழில் அனுபவம் தேவையில்லை என்று விட்டதை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாற்றி, இனி இந்தத் தேர்வுக்கு மூன்று வருடத் தொழில் கட்டாயம் என்றது. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடம் ஜூனியர் எதைச் சாப்பிடுவான்? 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, பார் கவுன்சில் ஜூனியருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று சுற்றறிக்கை விட்டது. எங்கள் ஊரில் அதைக் கொடுக்கும் சீனியரை நான் பார்த்ததில்லை. பெட்ரோலுக்குக் கொடுத்தாலே பெரிய மனசு என்கிறார்கள், வீட்டில் வசதி இல்லாத பிள்ளை தேர்வு வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிக்கும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மனசு கேட்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் இந்த நீதிபதியே உங்கள் வழக்கில் தீர்ப்பு எழுதப் போவதில்லை. சில வருடத்தில் மாற்றலாகிப் போவார், அடுத்து வருபவர் இவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்து மேற்கொண்டு நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. அவர் உங்கள் சாட்சியின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார், டைப் அடித்த காகிதம்தான் அவர் கையில் இருக்கும். அதனால் யார் எங்கிருந்து வந்தார் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, ஒரு நாள் காலை பத்தரைக்குப் போய் பின் பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கமாட்டார்கள். சாட்சி பேசுவதும் நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். உங்கள் சாட்சி கூண்டேறும் நாளில், கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படித்துப் பார்த்து, மாறியிருந்தால் அங்கேயே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அந்த வாரமே நகல் மனு போட்டு அந்தச் சாட்சியத்தின் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.