குடும்பச் சந்திப்பில் யாரைக் கௌரவிப்பது?

நான்கு கிளைகளிலிருந்தும் ஏறத்தாழ 150 பேர் கூடும் சந்திப்பில், ராணுவத்தில் பணியாற்றியவர்களை மட்டும் மேடையேற்றினால் மற்றவர்கள் மனம் நோகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நோகத்தான் செய்யும். செவிலியராகவோ ஆசிரியராகவோ ஓய்வு பெற்றவர்களையும், வெளியே பெயர் தெரியாமல் வீட்டு முதியோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களையும் அதே வரிசையில் சேர்த்து, பதவியின்படி அல்லாமல் பிறந்த ஆண்டின்படி பெயர்களை வாசியுங்கள். யார் முதலில் என்ற பேச்சே எழாது.

வம்சாவளிப் படத்தைச் சுவரில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்: விடுபட்ட பெயர்களையும் தவறான ஆண்டுகளையும் பெரியவர்களே திருத்திவிடுவார்கள். பழைய புகைப்படங்களைப் படியெடுக்கும்போது, பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்தே எடுங்கள். உரைகள் அனைத்தையும், எந்தச் சித்தப்பா மறுத்தாலும் சரி, சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன், கிளைக்கு ஒருவரிடம் தலைக்கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.