கோழியும் கிணறும் உள்ள வளவில் ஜாக் ரசல் வளர்க்கலாமா?

கோண்டாவில் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொழும்பில் இருக்கிற அண்ணா ஜாக் ரசல் குட்டி ஒன்று தருகிறேன் என்கிறார். பிள்ளைகளுக்கு 9 வயதும் 4 வயதும். வளவில் எட்டுக் கோழி நிற்கிறது. சின்ன நாய்தானே, வளர்க்கலாமா?"

வளர்க்கலாம். ஆனால் 'சின்ன நாய்தானே' என்பதை முதலில் மறந்துவிடுங்கள். உயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர், எடை ஐந்தாறு கிலோ. உண்மைதான். ஆனால் இது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் ஜான் ரசல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்கு உருவாக்கிய நாயின் வழி. வளைக்குள் புகுந்து, நரி வெளியே ஓடும்வரை முகத்துக்கு முகம் நின்று குரைப்பதுதான் இதன் தொழில். உங்கள் வளவில் நரி இல்லை. கோழி இருக்கிறது, அணில் இருக்கிறது, அகழான் இருக்கிறது. அது போதும்.

கோழியைக் கூட்டில் அடைத்தே வளர்க்க வேண்டிவரும். 'குட்டியிலிருந்து பழக்கினால் தொடாது' என்பார்கள், நான் நம்பமாட்டேன். கிடுகு வேலியின் அடியைக் கிண்டி அடுத்த வளவுக்குப் போக இதற்குக் கனநேரம் வேண்டாம். வேலியடியில் கல் அடுக்குங்கள், அல்லது கம்பி வலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதையுங்கள். கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் மேலே வலை போடுங்கள். உயரம் குறைவென்றாலும் நன்றாகப் பாயும்.

இன்னொரு ரசலும் நம் ஊரில் உண்டு. கண்ணாடிப் புடையனின் ஆங்கிலப் பெயரிலும் ரசல் இருக்கிறது, அவர் வேறு ஆள். பாம்பைக் கண்டால் மற்ற நாய் தள்ளி நின்று குரைக்கும், இது கிட்டப் போகும். பற்றையை வெட்டி, விறகுக் குவியலை அப்புறப்படுத்துங்கள். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

பிள்ளைகள்? மூத்தவருக்கு நல்ல கூட்டாளி. நாலு வயதுக்காரரைத் தனியே விடாதீர்கள். வாலை இழுத்தால் பொறுத்துப்போகிற சாதியில்லை. சாப்பிடும்போது கை வைத்தால் பல் படலாம்.

காலை ஆறு மணிக்கு அரை மணித்தியாலம், பொழுதுபட்டபின் அரை மணித்தியாலம் ஓட்டம் கட்டாயம். பின்னேரம் என்றால் தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். ஓடுவது மட்டும் போதாது, மூக்குக்கும் வேலை வேண்டும். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றின் கீழ் அவித்த கோழித்துண்டை ஒளித்துவையுங்கள். மூத்தவர் இடம் மாற்றி மாற்றி வைக்கட்டும். பத்து நிமிடம் இப்படித் தேடினால் குட்டி களைத்துப் படுத்துவிடும். இது இல்லாவிட்டால் செருப்பும் பூமரமும்தான் பலி.

தடுப்பூசி, பூச்சிமருந்து எல்லா நாய்க்கும் உள்ளதுதான். உண்ணியை மட்டும் அசட்டை செய்யாதீர்கள்: காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி, இந்த மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். சாப்பாடு வைத்தும் தின்னாமல் படுத்து, முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும்.

எட்டுக் கிழமை ஆகாத குட்டியை வாங்காதீர்கள். அண்ணாவிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். அதற்குள் கோழிக்கூட்டை அடித்துவிடலாம்.