கேளுங்க சொல்றேன்: போலீஸுக்கு பயப்படாதவன் யார் பேச்ச கேப்பான்?

கேள்வி: ஐயா வணக்கம். என் தம்பி ஒரு அடிதடி கேஸ்ல கேப்பர் மலை ஜெயில்ல இருந்துட்டு போன மாசம்தான் வெளிய வந்தான். ரிலீஸ் அன்னைக்கு நானும் அம்மாவும் ஆட்டோ புடிச்சி போய் சேர்றதுக்குள்ள அவன் கூட்டாளிங்க பைக்ல வந்து மாலையோட நிக்கிறானுங்க. இப்ப வீட்லதான் இருக்கான், ஆனா ஊர்ல திருவிழான்னாலும் சரி, பெரிய தலைவருங்க வந்தாலும் சரி, முதல் நாள் ராத்திரியே போலீஸ் வந்து கதவ தட்டி கூட்டிட்டு போயிடுறாங்க. "நான் எப்படி இருந்தாலும் ரவுடின்னுதான எழுதப் போறானுங்க"ன்னு பேச ஆரம்பிச்சிட்டான். இவன் திருந்துவானாய்யா?
- பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: திருந்துவானான்னு சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாதும்மா. ஆனா உங்க தம்பி சொன்ன அந்த ஒரு வரி இருக்கு பாருங்க, எனக்கு அந்த மாலையவிட அதுதான் கவலையா இருக்கு. நன்னடத்தை அலுவலரா கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தே செருப்பு தேய்ஞ்சவன் நான், இந்த வரிய வேற வேற வாயில கேட்டிருக்கேன். வெட்டுறது குத்துறது தப்புன்னு அவனுங்ககிட்ட சொன்னா யாரும் மறுக்க மாட்டான், "ஆமா சார் தப்புதான்"ம்பான். அடுத்த பேச்சே அந்த ஏட்டு எப்படி பேசுனாரு, எந்த எஸ்.ஐ. மாமூல் வாங்கினாரு, அவர் என்ன யோக்கியம்னுதான் போகும்.

கேஸ்காரன் சட்டத்தயும் போலீஸயும் எப்படி பாக்குறான்னு அமெரிக்காவுல, சிகாகோவுல, ஒழுங்கா கேட்டே பாத்திருக்காங்க. பாப்பாகிறிஸ்டோஸ், மியர்ஸ், ஃபேகன்னு மூணு பேராசிரியருங்க, துப்பாக்கி கேஸ்ல மாட்டுன 141 பேர, 54 ஏரியாவுலேர்ந்து புடிச்சி உக்கார வச்சி பேசி 2012ல கட்டுரை போட்டாங்க. மொத்தத்துல அவங்களுக்கு சட்டத்து மேலயும் போலீஸ் மேலயும் நல்ல அபிப்பிராயம் இல்ல, அது நமக்கும் தெரிஞ்சதுதான். ஆனா சட்டத்துல நியாயம் இருக்குன்னும், அத நடத்துறவங்க, குறிப்பா போலீஸ், நேர்மையானவங்கன்னும் நினைக்கிறவன் சட்டப்படி நடந்துக்க அதிக வாய்ப்பு இருக்குன்னு வந்துச்சி, அதாவது குற்றமே செய்யாத நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எப்படியோ அப்படியேதான் அவனுக்கும். இன்னொண்ணு, கேங்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கல. சுத்தி இருக்கற சகவாசத்துல கேஸ்காரனுங்க கம்மியா இருந்தா, கேங்ல இருந்தாலுமே சட்டத்து மேல வெறுப்பு கொஞ்சம் கம்மியா இருந்துச்சி. ரொம்ப இல்ல, கொஞ்சம்.

அதனால உங்க வேலை ரெண்டு பக்கமும் இருக்கு. பைக்ல வர கூட்டாளிங்கள வாசல்ல நின்னு திட்டி அனுப்புனா தம்பியும் பின்னாடியே போயிடுவான், அவன் ஜெயில்ல இருந்தப்போ மனு போட்டு பாக்க வந்தது யாருன்னு அவன் மனசுல கணக்கு இருக்கும். அவன் பொழுத வேற ஆளுங்க எடுத்துக்கணும், அவ்வளவுதான் வழி. மாமா யாராச்சும் ஹார்பர்ல ஐஸ் லோடு ஏத்துறாங்களா, மெக்கானிக் ஷெட் வச்சிருக்காங்களா, விடியக்காலைல கூட்டிட்டு போகச் சொல்லுங்க. காலைல நாலு மணிக்கு எழுந்து வேலைக்கு போறவனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு பாலத்து மேல உக்கார தெம்பு இருக்காது. பாஸ்டன் பக்கம் 500 பசங்கள சின்ன வயசுலேர்ந்து கெழவனாகுற வரைக்கும் ஆராய்ச்சிக்காரங்க தொடர்ந்து பாத்தாங்க, அதுல தப்பு வழிய விட்டு வெளிய வந்தவங்களுக்கு பெரும்பாலும் நிலையான வேலையும் நல்ல கல்யாணமும்தான் கை குடுத்திருக்கு. அதுக்காக அவசரப்பட்டு பொண்ணு பாக்காதீங்கம்மா, நம்மூர்ல "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்"னு கெடுத்த பொண்ணுங்க வாழ்க்கை நிறைய.

போலீஸ் பக்கம் வருவோம். அவன் பேர்ல ஹிஸ்டரி ஷீட் (ஸ்டேஷன்ல வச்சிருக்கற ரவுடி பதிவேடு) இருந்தா அவங்க வந்து பாக்கறது அவங்க வேலை. ஆனா கூட்டிட்டு போனா எங்க வச்சிருக்காங்கன்னு வீட்டுக்கு சொல்லணும், கைதுன்னா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். இனிமே ஒழுங்கா இருப்பேன்னு எழுதி குடுக்கற நன்னடத்தை பாண்டுக்கு ஆர்.டி.ஓ., அதாவது வருவாய் கோட்டாட்சியர், ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்தா (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல பிரிவு 110, இப்ப அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்ல 129) பயந்து ஓட விடாதீங்க, வக்கீலோட ஆஜராகச் சொல்லுங்க. காசில்லன்னா கடலூர் கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க. நோட்டீஸ் வரதுக்கு முன்னாடியே ஒரு நாள் பெரிய மனுஷர் ஒருத்தர கூட்டிக்கிட்டு இன்ஸ்பெக்டர நேர்ல பாத்து, "இவன் இன்ன இடத்துல வேலைக்கு போறான் சார், வேணும்னா பகல்ல கூப்பிட்டு விடுங்க, நாங்களே கூட்டியாறோம்"னு சொல்லிப் பாருங்க. எல்லா இன்ஸ்பெக்டரும் கேக்க மாட்டாங்க. கேக்கறவங்க இருக்காங்க.

கேள்வி: ரவுடிகளுக்கு புரியற ஒரே பாஷை பயம்தான். நீங்க உக்கார வச்சி பேசணும்ங்கற மாதிரியே எழுதுறீங்க, அதான் ஊரு கெடுது.
- கல்லூரி மாணவன், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, பயம் வேணாம்னு நான் எங்க சொன்னேன்? குண்டாஸ்ல 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம், வச்சிட்டுத்தான் இருக்காங்க. வெளிய வரும்போது அவன் மரியாதை கூடித்தான வரான், மாலை போட ஆள் வரான்ல. டாம் டைலர்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் 1984ல சிகாகோவுல 1,575 பேர்கிட்ட பேட்டி எடுத்து ஜனங்க ஏன் சட்டத்துக்கு அடங்குறாங்கன்னு பாத்தாரு, மாட்டிப்போம்ங்கற பயத்தவிட "இவங்களுக்கு சொல்ற தகுதி இருக்கு, நம்மள நியாயமா நடத்துறாங்க"ங்கற எண்ணம்தான் அதிகமா வேல செஞ்சிது. அவர் கேட்டது சாதாரண ஜனங்கள, மேல சொன்னது கேஸ்காரங்கள, ரெண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுது.

அதே சிகாகோவுல ஜெயில்லேர்ந்து கண்காணிப்போட பரோல்ல வெளிய வந்தவங்கள லெட்டர் போட்டு வரவச்சி ஒரு மணி நேரம் கூட்டம் நடத்துனாங்க. ஸ்டேஷன்ல இல்ல, பார்க், லைப்ரரி மாதிரி பொது இடத்துல, அதிகாரிங்களும் அவங்களும் ஒரே மட்டத்துல சேர் போட்டு. முதல்ல போலீஸும் அரசு வக்கீலும் "இனிமே துப்பாக்கி எடுத்தா இத்தன வருஷம்"னு ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுவாங்க, பாத்தியா, பயம் அதுலயும் இருக்கு. அடுத்து பழைய கேஸ்காரர் ஒருத்தர் எழுந்து தான் எப்படி விட்டேன்னு பேசுவாரு, கடைசியா வேலை, படிப்பு, போதை சிகிச்சைக்கு யார பாக்கணும்னு ஆளையே காட்டுவாங்க. அத நடத்துன ஏரியாவுல கொலை கணிசமா குறைஞ்சிது. இங்க கண்டிஷன் பெயில்ல தினம் காலைல பத்து மணிக்கு கையெழுத்து போட வரவன யோசிச்சி பாரு, ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில ரெண்டு மணி நேரம் நிக்கிறான், பக்கத்துல யாரு நிக்கிறான்? இன்னொரு கேஸ்ல கையெழுத்து போட வந்தவன். நாமளே கூட்டு சேத்து விடுறோம்.

கேள்வி: 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துக்கு படகக் கரையேத்திட்டு இருக்கற அதே மீனவருங்க, மீன் கூட்டத்தையே வளைச்சி அள்ளுற சுருக்குமடி வலைக்கு மட்டும் ஏன் மல்லுக்கு நிக்கிறாங்க?
- வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு சொன்னா அத ஏத்துக்கறாங்க, விசைப்படகு எல்லாருக்கும் ஒரே மாதிரி நிக்கிது, நிவாரணமும் வருது, கம்மின்னு சண்டை போட்டாலும் வருது. சுருக்குமடிக்கு 2000லயே தடை போட்டாங்க, நடுவுல வருஷக்கணக்கா கண்டுக்காம விட்டாங்க, கடன் வாங்கி வலை எடுத்தப்புறம் திடீர்னு புடிச்சா "அன்னைக்கி எங்க போனீங்க"ன்னுதான் கேப்பான். 2023ல சுப்ரீம் கோர்ட் 12 கடல் மைலுக்கு வெளிய, திங்களும் வியாழனும் மட்டும்னு இடைக்கால உத்தரவு குடுத்துச்சி, அதுலயும் ரெண்டு தரப்புக்கும் திருப்தி இல்ல. சின்ன வலைக்காரங்க கோவமும் நியாயம்தான், மொத்தமா அள்ளிட்டு போனா அவங்களுக்கு என்ன மிஞ்சும். ஆனா ஒண்ணு கவனிங்க, ஊர் பஞ்சாயத்து கூடி இந்த வலை வேணாம்னு முடிவெடுத்த கிராமத்துல போலீஸே இல்லாம நிக்கிது, ஏன்னா முடிவு எடுக்கும்போது இவனும் உக்காந்திருந்தான், மீறுனா நாளைக்கி தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர் வராது. ஊர் மனசு ஏத்துக்காத சட்டத்துக்கு என்ன கதின்னும் பாருங்க: பாண்டியிலேர்ந்து சரக்கு பாட்டில் வாங்கி இடுப்புல சொருகிட்டு ஆல்பேட்டை செக்போஸ்ட்ட தாண்டுறவன யாரும் திருடன்னு சொல்றதில்லயே, அவன் மாமனாரே "எனக்கொண்ணு வாங்கியா"ம்பாரு.