வாசகர் கேள்வி: ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சு ஃபைனலுக்குப் போன டீம்

கேள்வி: ஐயா, இங்கிலாந்து ஃபுட்பால்ல எஃப்.ஏ. கப்பை முதமுதல்ல அடிச்ச டீம், ஃபைனலுக்கு முன்னாடி ஒரே ஒரு மேட்ச்தான் ஜெயிச்சிருந்துச்சாம், என் பேரன் சொல்றான். நாக்கவுட்ல அது எப்படிங்க? புருடா விடுறானா?
(ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: நெசம்தாங்க, பையனுக்கு ஒரு பன்னி சவ் (பிரட்டைக் குடைஞ்சு கறிக்குழம்பு ஊத்துவாங்களே, அது) வாங்கிக் குடுங்க.

1871 ஜூலைல எஃப்.ஏ., அதாவது இங்கிலாந்து ஃபுட்பால் சங்கத்தோட செக்ரட்டரி சார்லஸ் ஆல்காக்தான் இந்தக் கப் பேச்சையே எடுத்தாரு, அவர் படிச்ச ஹாரோ ஸ்கூல்ல ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மோதி தோத்தவன் வெளியேன்னு ஆடுவாங்களாம், அதையே கிளப்புங்களுக்கும் வச்சுப் பாக்கலாம்னு. சங்கத்துல அம்பது கிளப் இருந்துச்சு, பேர் குடுத்தது வெறும் 15.

இப்ப அந்த முதல் கப்பை அடிச்ச வாண்டரர்ஸ் கதைக்கு வாங்க. முதல் ரவுண்டுல எதிர்ல ஹாரோ செக்கர்ஸ், அவங்க ஆடாமலே விலகிட்டாங்க. ரெண்டாவதுல கிளாப்பம் ரோவர்ஸை 1-0, பேரன் சொன்ன அந்த ஒத்த மேட்ச் இதுதான். மூணாவதுல கிரிஸ்டல் பேலஸோட டிரா, அன்னைக்கு ரூல்படி ரெண்டு பேரையுமே மேல ஏத்தி விட்டுட்டாங்க! செமில கிளாஸ்கோலேர்ந்து வந்த குவீன்ஸ் பார்க், அவங்க கதை இன்னும் தமாசு, ஒரு மேட்ச் கூட ஆடாம நேரா செமிக்கு வந்தவங்க. அதுவும் 0-0. மறுபடி ஆட லண்டன் வரணும், கையில காசு இல்ல, விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க பாவம். 1903லேர்ந்து தென்னாப்பிரிக்க இந்தியர்களோட சாம் சைனா ஃபுட்பால் கப்புக்காக மாகாணம் விட்டு மாகாணம் போய் ஆடின நம்ம ஆளுங்களுக்கு இந்த வலி புரியும், ரயில் டிக்கெட்டுக்கே உண்டியல் குலுக்கணும்ல.

ஆனா ஓசில கப் வாங்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். 1872 மார்ச் 16, கென்னிங்டன் ஓவல், ஆமா கிரிக்கெட் கிரவுண்டுதான், சுமார் 2000 பேர் கூட்டம். எதிர்ல ராயல் எஞ்ஜினியர்ஸ், பட்டாளத்து டீம், எல்லாரும் அவங்கதான் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கட்டினாங்க. ஆரம்பத்துலயே அவங்க ஆளு கிரெஸ்வெல்லுக்கு காறை எலும்பு (காலர்போன்) உடைஞ்சு போச்சு, சப்ஸ்டிட்யூட்டெல்லாம் கிடையாது, மனுசன் அப்படியே கடைசி வரைக்கும் நின்னாரு. 15வது நிமிஷம் வாண்டரர்ஸ் கோல், அந்த 1-0தான் முடிவு.

கோல் போட்டவர் மார்ட்டன் பெட்ஸ். ஆனா அவர் ஆடினது 'ஏ.எச். செக்கர்'ங்கற பொய்ப் பேர்ல, ஏன்னா அவர் ஹாரோ செக்கர்ஸ் ஆளு! முதல் ரவுண்டுல ஆடாம விலகினாங்களே, அதே டீம். இன்னைக்கு இப்படி ஒருத்தர் ஆடினா புரொட்டஸ்ட் போட்டு டீமையே தூக்கிருவாங்க.

கேள்வி: இப்ப குடுக்கறது அதே கப்தானா?
(ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: இல்லம்மா, அது களவு போயிருச்சு. 1895ல ஆஸ்டன் வில்லா ஜெயிச்சுட்டு, பர்மிங்காம்ல ஒரு ஃபுட்பால் பூட்ஸ் கடை ஷோகேஸ்ல வேடிக்கைக்கு வச்சிருந்தாங்க, ராத்திரியோட ராத்திரியா எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். வில்லாவுக்கு 25 பவுண்டு ஃபைன், அந்தக் கப்பை செஞ்ச செலவே 20 பவுண்டுதான்.