எஃப்.டி.யை உடைத்துத் தங்கம் வாங்கலாமா?

கேள்வி: என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் வருகிறது. அப்போது கைக்கு வந்த பணத்தில் பதினோரு லட்சம் ஒரே பேங்க்கில் எஃப்.டி.யாக இருக்கிறது. சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் பத்து மணி வரை விவாதம்தான். அது போக, யூடியூப்பில் ஒருவர் பேசுவதைத் தவறாமல் கேட்கிறார். சிக்கனம், நம் பாரம்பரியம், அரசாங்கத்தின் ஊதாரித்தனம், அமெரிக்காவே மூழ்கப்போகிறது என்று அவர் பேசுவதெல்லாம் மாமாவுக்கு வேதவாக்கு. ஷேர் மார்க்கெட் சரிந்த நாளிலிருந்து, ‘எஃப்.டி.யை உடைத்து, பாதிக்குத் தங்கக் காசு வாங்கிவிட்டு, மீதியை ரொக்கமாக பீரோவில் வைக்கப்போகிறேன். பேங்க்கில் இருந்தால் கவர்ன்மென்ட் எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். ஷேர் விலை ஏறுமா, இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஆப்ஷன் டிரேடிங் செய்யும் என் கொழுந்தனார், ‘நைனா, உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று மல்லுக்கு நிற்கிறார். என் கணவர் வாயே திறப்பதில்லை. மாமா சொல்வது சரிதானா? அவரிடம் எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

சகோதரி, நான் உங்கள் மாமனார் கட்சி. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், அரசாங்கம் இலவசம் என்று எதைக் கொடுத்தாலும் அதற்கு யாரோ ஒருத்தர் பில் கட்டுகிறார் என்று நினைக்கிற ஆள். ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேட்கும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அன்றைய ஆட்சியைச் சாடியது சரிதான் என்று இன்றைக்கும் வாதாடுவேன். இதை முதலில் சொல்லக் காரணம், இந்தப் பதிலை நீங்கள் அவரிடம் படித்துக் காட்டும்போது ‘எவனோ எதிர்க்கட்சிக்காரன் எழுதியிருக்கான்’ என்று அவர் தள்ளிவிடக் கூடாது.

அவர் பயம் ஆதாரமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய பீச் ஸ்டேஷன் பக்கம்தான் அர்பத்நாட் கம்பெனி இருந்தது. வெள்ளைக்காரன் பேங்க், அசைக்க முடியாது என்று ஊரே நம்பிப் பணம் போட்டது. 1906 அக்டோபர் 22-ம் தேதி கதவை மூடிவிட்டார்கள். விதவைகள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள் என்று எத்தனையோ பேர் சேமிப்பு போயிற்று. அதை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த அடியிலிருந்து வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்று 1907-ல் தொடங்கியதுதான் இந்தியன் பேங்க். அந்தக் கடற்கரைச் சாலைக்கு இன்றைக்கு ராஜாஜி சாலை என்று பெயர்.

‘கவர்ன்மென்ட் எடுத்துக்கொள்ளும்’ என்ற பேச்சும் அந்தரத்திலிருந்து குதிக்கவில்லை. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நொடித்துப்போகும் பேங்க்கைத் தூக்கி நிறுத்த, டெபாசிட்காரர்களின் பணத்திலும் கை வைக்க வழி செய்யும் ஒரு பிரிவு அதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் தீ பற்றிக்கொண்டது. 2018 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வந்த செய்தி மாமாவுக்கு நினைவிருக்கும். வாபஸ் ஆன செய்தி நினைவிருக்காது. அதற்கு யாரும் சிவப்பு எழுத்தில் பிரேக்கிங் நியூஸ் போடவில்லையே!

எனக்கும் அவருக்கும் வழி பிரிகிற இடம் இதுதான். அரசாங்கத்தை நம்பாதே என்கிறவர் சேனலை மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்? அதுவும், நம் மனசில் இருப்பதையே பேசுகிற சேனலைத்தான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். எதிராளி சொன்னால் நாம் குறுக்குக் கேள்வி கேட்போம். நம்மாள் சொன்னால் தலையாட்டிவிடுவோம்.

இன்று இரவு விவாதம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து திரையைக் கவனியுங்கள். மேலே சிவப்புப் பட்டையில் ‘ரத்தக் களறி’ என்று ஓடும். நடுவில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இடைவேளை விட்டதும் நகைக்கடை விளம்பரம், அது முடிந்ததும் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் விளம்பரம். சிக்கனத்தைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சிக்குப் படியளப்பது யார் என்று மாமாவையே கேளுங்கள்.

அப்புறம், ஷேர் மார்க்கெட் குறியீடான சென்செக்ஸின் புள்ளிக் கணக்கு. ‘சென்செக்ஸ் 2,000 புள்ளி சரிவு’ என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். 2008 ஜனவரி 21-ம் தேதி 1,408 புள்ளி விழுந்தது, அது 7 சதவீதத்துக்கும் மேல். 2025 ஏப்ரல் 7-ம் தேதி, அமெரிக்க வரி விதிப்பு பயத்தில் 2,226 புள்ளி விழுந்தது. அது 3 சதவீதம்கூட இல்லை. எண் பெரிதாகிவிட்டது, அடி பாதிக்கும் குறைவு. ஆனால் தலைப்புச் செய்தி இரண்டுக்கும் ஒரே அலறல்தான். நிஜமாகவே பயங்கரமான நாள் 2020 மார்ச் 23. அன்று 3,934 புள்ளி, அதாவது 13 சதவீதம் போனது. அந்த வருடம் முடிவதற்குள் சென்செக்ஸ் 47,000-ஐத் தாண்டியிருந்தது. 2008 சரிவில் 21,000-லிருந்து 8,000-க்கும் கீழே போய்விட்டுப் பழைய இடத்துக்கு வர 2010 நவம்பர் ஆயிற்று. இவ்வளவுக்கும் உங்கள் மாமனாரிடம் ஒரு ஷேர்கூடக் கிடையாது! எஃப்.டி.யில் இருப்பவருக்குச் சென்செக்ஸ் விழுந்தால் என்ன, எழுந்தால் என்ன?

அமெரிக்காவைப் பற்றி அவர் கேட்கும் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. 2009 பிப்ரவரியில், தவணை கட்ட முடியாத வீட்டுக் கடன்காரர்களுக்கு உதவப்போவதாக ஒபாமா அறிவித்தார். மறுநாள், 19-ம் தேதி, அங்கத்திய பிசினஸ் சேனலான சி.என்.பி.சி.யின் ரிக் சான்டெல்லி சிகாகோ வர்த்தகத் தளத்தில் நின்று நேரலையில் பொரிந்து தள்ளினார். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவன், தகுதிக்கு மீறிக் கடன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்து ஏன் கட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. அந்தச் சில நிமிடப் பேச்சிலிருந்துதான், அரசாங்கச் செலவையும் வரியையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கமே சூடு பிடித்தது. நியாயமான கேள்வி. நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி. 2021 தேர்தல் நேரத்தில் கூட்டுறவு நகைக் கடன் ஆறு சவரன் வரை தள்ளுபடி என்று அ.தி.மு.க. அரசு அறிவித்தது. ஐந்து சவரன் வரை என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஜெயித்து, செய்தது. பிறகு ஆய்வு செய்தபோது, ஒரே ஆள் பல கடன் வாங்கியதும், போலி நகைக்குக் கடன் கொடுத்ததும் வெளியே வந்தன. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வட்டி கட்டி நகையை மீட்டுவிட்ட பெண்கள் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களுக்கு என்ன கிடைத்தது? இதைக் கேட்டால் நம்மை ஏழைகளின் எதிரி என்பார்கள். சொல்லட்டும்.

ஆனால் அந்த யூடியூப்காரர் சொல்லாமல் விடும் பாதியும் இருக்கிறது. பேங்க்குகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் 2008 அக்டோபர் 3-ம் தேதி கையெழுத்துப் போட்டவர் ஒபாமா அல்ல, குடியரசுக் கட்சியின் புஷ். பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி எம்.பி.க்களிலேயே பெரும்பாலோர் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பழமைவாதிகளுக்குள்ளேயே வெட்டுக்குத்து. அதே சி.என்.பி.சி.யில், அதற்கும் முன்னால், 2008 மார்ச் 11-ம் தேதி, ஒரு நேயர் உங்களைப் போலவே கேள்வி அனுப்பியிருந்தார்: பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திலிருந்து என் பணத்தை எடுத்துவிடலாமா? எடுக்காதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிகழ்ச்சியை நடத்திய ஜிம் கிராமர் அடித்துச் சொன்னார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஷேர் இரண்டு டாலர் என்ற விலைக்கு அந்த நிறுவனத்தை விற்க ஒப்பந்தம் ஆனது. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் பணம் போகவில்லை, ஷேர் வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். நான் பேசியது கணக்குப் பணத்தைப் பற்றித்தான் என்று கிராமர் பிறகு விளக்கம் சொன்னார். என்னைப் போல உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்கிறவர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

சரி, பதினோரு லட்சத்துக்கு வருவோம்.

பீரோவில் ரொக்கம் வேண்டவே வேண்டாம். அரசாங்கத்தைக் கண்டு பயப்படுகிறவர் ரொக்கமாக வைத்துக்கொள்வதில் எனக்கு அர்த்தம் புரியவில்லை. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு எட்டு மணிக்கு அடி வாங்கியது பேங்க் கணக்கா, பீரோவா? 500, 1,000 நோட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றது யார்? அதற்குப் பிறகு வந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். பீரோ பணத்துக்கு வட்டியும் கிடையாது, காப்பீடும் கிடையாது. திருட்டுப் போனால் போனதுதான்.

தங்கம் கொஞ்சம் இருக்கட்டும், ஐந்தரை லட்சத்துக்கு வேண்டாம். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி., காசுக்கும் கூலி உண்டு. விற்கப் போனால் கடைக்காரர் கழிப்பது தனி. பேங்க்கில் வாங்கிய காசை பேங்க்கே திரும்ப வாங்கிக்கொள்ளாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தங்கம் இறங்கவே இறங்காது என்பதும் பொய். 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது, 2015 கடைசியில் 1,050 டாலர் பக்கம் கிடந்தது. வயதானவருக்கு அத்தனை வருடம் காத்திருக்கிற பொறுமையும் இருக்காது, தேவையும் இருக்காது.

ஆனால் அவர் பயத்தில் ஒரு விஷயம் சரி, அதை நீங்களும் கவனிக்கவில்லை: மொத்தப் பணமும் ஒரே பேங்க்கில் இருப்பது. பேங்க் நொடித்தால் ஒருவருக்கு ஒரு பேங்க்கில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 1993-லிருந்து ஒரு லட்சமாகவே இருந்ததை 2020 பிப்ரவரியில்தான் ஐந்தாக்கினார்கள். ஒரே பேங்க்கின் வேறு கிளையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். ஆக, மூன்று பேங்க்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வட்டியோடு ஐந்தைத் தாண்டாமல் வைப்பது நல்லது. அல்லது ஒரு பகுதியைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அதற்கு மத்திய அரசே பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். இதற்காக எஃப்.டி.யை இப்போதே உடைக்க வேண்டியதில்லை. உடைத்தால் பணம் இருந்த நாட்களுக்கான வட்டிதான் கொடுப்பார்கள், அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை அபராதமாகப் பிடிப்பார்கள். ரசீது ஒவ்வொன்றாக முதிரும்போது மாற்றிக்கொண்டே போகலாம்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். அப்பாவின் பணத்தைப் பற்றி மருமகள் பேச்செடுத்தால் நாளைக்கு அது வேறு விதமாகத் திரும்பும். அவர் வாய் திறக்காமல் இருப்பது சமாதானம் என்று நினைக்கிறார் போல. இல்லை, பாரத்தை உங்கள் தலையில் இறக்கி வைக்கிறார். பேச்சு காலையில், டிபன் ஆன பிறகு இருக்கட்டும். விவாதம் பார்த்து ரத்தம் சூடாக இருக்கும் ராத்திரி ஒன்பதரை மணிக்கு வேண்டாம். அரசியலைத் தொடவே கூடாது. டி.வி.யை அணைக்கச் சொல்வதும் வேண்டாம், ரிட்டயர் ஆன மனிதருக்கு அதுவும் இல்லை என்றால் பொழுது எப்படிப் போகும்? ‘ஒரே இடத்தில் வைக்காதே என்று நீங்கள் சொன்னது சரி நைனா, எப்படிப் பிரிக்கலாம் சொல்லுங்கள்’ என்று ரசீதுகளையும் ஒரு நோட்டையும் அவர் முன்னால் வைக்கட்டும். துறைமுகத்தில் காலமெல்லாம் பொறுப்பாக இருந்தவர், கணக்கு கையில் வந்தால் அவரே நிதானத்துக்கு வருவார்.

கொழுந்தனாருக்கு அப்பாவைக் கேலி செய்ய வாய் இல்லை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. அவர் கணக்கையும் அந்த நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார்.

ரசீதுகளை வெளியே எடுக்கும்போது நாமினி யார் என்று பாருங்கள். உங்கள் மாமியாரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நாமினி பெயர் அவருடையதாக இருந்து, அவர் காலமாகியிருந்தால், பணத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அதை மாற்ற வேண்டும். இப்போது நாலு பேர் வரை நாமினி போடலாம். மாமா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம், ஆதார் நகலோடு அழைத்துக்கொண்டு போங்கள்.