பழைய பதிவில் புதிய இலக்கம்

கேள்வி: எங்கள் சங்க அங்கத்தவர்களின் புதிய தொலைபேசி இலக்கங்கள் எக்செலில் இருக்கின்றன. அக்சஸ் தரவுத்தள மென்பொருளில் இம்போர்ட் செய்தால் ஒரே ஆள் இரண்டு தரம் வருகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: இம்போர்ட் புதிய வரிகளைச் சேர்க்குமே தவிர, இருக்கிற பதிவைத் திருத்தாது. அதனால் எக்செல் தாளைத் தனி அட்டவணையாக உள்ளே எடுத்து, அடையாள அட்டை இலக்கத்தால் இரண்டையும் இணைத்து, அப்டேட் குவெரி (இருக்கிற பதிவைத் திருத்தும் கட்டளை) ஒன்றை ஓட்டுங்கள். பெயரால் மட்டும் இணைக்க வேண்டாம், நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர்!

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம், அதனால் ஒரே ஆள் இரண்டிலும் வேறு வேறாகத் தெரிவார். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழையதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் இரண்டும் பொருந்தும். தொலைபேசி இலக்கத்தில் 077 இன் முன் பூச்சியத்தை எக்செல் விழுங்கிவிடும், ஆகவே தட்டச்சு செய்யமுதலே அந்த நிரலை டெக்ஸ்ட் ஆக்குங்கள். வெறும் கட்டங்கள் பழைய இலக்கத்தை அழித்துவிடாமல் புதிய இலக்கத்துக்கு 'இஸ் நாட் நல்' (வெறுமையாக இல்லை) நிபந்தனையும் போடுங்கள். அப்புறம், ஓட்டமுதல் கோப்பின் பிரதி ஒன்றைக் கட்டாயம் எடுத்து வையுங்கள், அப்டேட் ஓடி முடிந்தால் திரும்பப் பெற வழியில்லை.